சம்மாட்டி வீட்டுப் பேர்பெச்சுவா

டுசல்டோர்ஃப் அகதி விடுதியில் பேர்பெச்சுவாவைத் தெரியாதவர்கள் இல்லை. பொதுக் குசினியில் அடுப்புக்குச் சண்டை வந்தால் விலக்குப் பிடிப்பவள் அவள்தான். எதற்கும் அஞ்சாதவள் என்று பேரெடுத்தவள், அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போன அன்று பயந்துபோயிருந்தாள். 1986 செப்டெம்பர் மாதம் அது.

ஜெர்மன் அதிகாரியை நினைத்து அவள் பயப்படவில்லை. பயமெல்லாம் மொழிபெயர்க்க வந்த தமிழரைப் பற்றித்தான். பெயர் ஞானப்பிரகாசம் என்றார். நம் ஆட்கள் இருவர் உலகத்தின் எந்த மூலையில் சந்தித்தாலும் முதற் கேள்வி "ஊரிலை எவடம்?" என்பது, அடுத்தது "ஆற்றை மோள்?", அதாவது யாருடைய மகள் என்பது. அதற்குள் சொந்தமா பகையா என்று தெரிந்துவிடும். இந்த மனிதரோ நடைக்கூடத்து மரவாங்கில் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அதைக் கேட்கவேயில்லை. மழையைப் பற்றிக் கதைத்தார், ட்ராம் பிந்தி வந்ததைப் பற்றிக் கதைத்தார். கேளாதவர் என்றால் ஏற்கெனவே தெரிந்தவர் என்றுதானே அர்த்தம்?

அவள் பிறந்தது மன்னார்க் கரையில் ஒரு மீனவக் கிராமம். அங்கே வீடுகள் இரண்டே இரண்டு: வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி வீடு, கோயில் காரியம் பார்த்த மூப்பர் வீடு. வீடு என்றால் கூரையும் சுவரும் இல்லை. கொண்டான் கொடுத்தான் என்று நூறு குடும்பம். வெள்ளைக்காரன் போய்ச் சுதந்திரம் வந்த பிறகு தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு வீட்டுக்கும் வாக்குச் சீட்டு வந்தது. சீட்டில் இருந்த சின்னத்தை எவன் பார்த்தான்? அவளுடைய பெரியப்பா சம்மாட்டியார் கைகாட்டிய பக்கம் ஒரு வீடு போனது. மூப்பர் கைகாட்டிய பக்கம் மற்றது. வென்றவனின் வீட்டுக்கு இறங்குதுறையும் கிளாக்கர் வேலையும் கிடைத்தன. தோற்ற வீடு ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பேர்பெச்சுவாவுக்குத் தையல் ரீச்சர் வேலை கிடைத்ததும் அப்படித்தான். தன் தையலுக்குக் கிடைத்த வேலை என்று அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

பிறகு பிள்ளைகள் துவக்குத் தூக்கி இயக்கங்களில் சேர்ந்தார்கள். அதிலும் வீடுதான் வழிகாட்டியது. சம்மாட்டி வீட்டில் மூத்தவன் ஒருவன் ஓர் இயக்கத்துக்குப் போக, மிச்சப் பெடியளும் ஆட்டு மந்தையாய்ப் பின்னால் போனார்கள். மூப்பர் வீட்டார் மற்ற இயக்கத்துக்குப் போனார்கள். கொள்கை என்ன என்று கேட்டால் இரண்டு பக்கமும் முழிக்கும். 1986 சித்திரை மாதத்தில் மூப்பர் வீட்டாரின் இயக்கம் சம்மாட்டி வீட்டாரின் இயக்கத்தை வேட்டையாடியது. இயக்கத்தில் இருந்த அவளுடைய தம்பி யோசப் தப்பினான். இரவோடிரவாக அவனைத் தூரத்து ஊர்க் கன்னியர் மடமொன்றில் சமையல்காரனாகக் கொண்டுபோய் விட்டவள் பேர்பெச்சுவாதான். அம்மாவுக்கு வாயில் எள்ளு ஊறாது, ஓர் இரகசியமும் தங்காது. அதனால் அவன் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டான் என்று அம்மாவிடமே சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

விசாரணை அறையில் ஜெர்மன் அதிகாரிப் பெண்மணி தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தார்.

"நீங்கள் எந்தக் கட்சி எண்டு கேக்கிறா," என்றார் ஞானப்பிரகாசம்.

"ஒண்டிலும் இல்லை. நான் சம்மாட்டி வீட்டுப் பிள்ளை."

வாய் தவறி வந்துவிட்டது. ஞானப்பிரகாசம் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஜெர்மனில் சொன்னார்.

"அதொரு கட்சியோ எண்டு கேக்கிறா."

பேர்பெச்சுவா யோசித்தாள். இதைவிட உண்மையான கட்சி எது? "ஓம்," என்றாள்.

"கூடப் பிறந்தவை இப்ப எங்கை?"

தம்பி ஒளித்திருக்கும் மடத்தின் பெயரைச் சொன்னால் அவளுடைய அகதி வழக்கு வலுக்கும். ஆனால் அந்தப் பெயர் இந்த மனிதரின் காது வழியாகத்தான் போக வேண்டும். காதுக்குப் பின்னால் எந்த வீடு இருக்கிறதோ!

"ஒரே ஒரு தம்பி. வள்ளத்திலை இந்தியாவுக்குப் போகேக்கை நேவி சுட்டது. செத்திட்டான்."

தட்டச்சு இயந்திரம் அதையும் அடித்தது. எல்லாம் முடிந்ததும் அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார். தம்பியின் வரி வந்ததும் நிறுத்தினார்.

"அக்கா, கையெழுத்து வைச்சால் பிறகு அழிக்க ஏலாது. தம்பி எங்கையாவது இருந்தால் இப்பவே சொல்லுங்கோ. நாளைக்கு அவர் இஞ்சை வந்தால் இந்தக் கடதாசி மறிக்கும்."

நல்ல புத்திதான். நல்ல மனிதராகவும் இருக்கலாம். அந்த "இருக்கலாம்" என்ற சொல்லில் தம்பியின் உயிரை வைக்க அவளுக்குத் துணிவில்லை.

"மாத்த ஒண்டும் இல்லை," என்று கையெழுத்து வைத்தாள்.

டிசம்பரில், நத்தாருக்குக் கிட்ட, அம்மாவின் கடிதம் வந்தது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள்.

"மகள், தம்பி செத்ததை ஏன் எனக்கு மறைச்சனி? நீயே ஜெர்மனியிலை சொன்னனி எண்டு மூப்பர் வீட்டார் வந்து சொல்லிச்சினம். முப்பத்தோராம் நாள் பூசை குடுத்திட்டம். அவையும் வந்தவை. எனக்குச் சோறு இறங்குதில்லை, கண்ணும் மங்கிக்கொண்டு போகுது. மெய்தானோ எண்டு உன்ரை கையாலை ஒரு வரி எழுது."

பேர்பெச்சுவா கட்டிலில் குந்திவிட்டாள். அந்த விசாரணை அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்தான். மடத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அதுவும் இதே வழியால் ஊர்போய்ச் சேர்ந்திருக்கும்.

கடிதத்தை மறுபடி எடுத்தபோதுதான் எழுத்தைக் கவனித்தாள். சாய்ந்த அந்தக் கையெழுத்து அவளுக்குப் பழக்கமானது. தையல் வகுப்பில் அவளிடம் ஐந்து வருஷம் கொப்பி எழுதிய பிளோறன்ஸின் கையெழுத்து. பிளோறன்ஸ் மூப்பரின் பேத்தி. பதிலைப் பிரித்து அம்மாவுக்கு வாசிக்கப் போகிறவளும் அவள்தான்.

தாளை எடுத்தாள். அம்மா இந்த வரியைக் கேட்டு நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. வேறு வழியில்லை. எழுதினாள்:

"ஓம் அம்மா, மெய்தான். தம்பி இனி வரமாட்டான். அழாமல் சாப்பிடுங்கோ."

அன்றே தபாலில் போட்டாள்.