அடுப்புக்கரி கொண்டுபோன நாள்

முற்றத்தில் மகள் ஒரு கல்லைக் கழுவினாள். அந்த ஈரவாசனையில், இன்று தங்கச் சுரங்கத்துச் சயனைட் கழிவு மண்மேட்டுக்கு அடியில் கிடக்கிற எங்கள் மூங்கில்தட்டிப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. மற்ற வாத்தியார்கள் பாடத்தைக் கத்திச் சொல்லவைப்பார்கள். புதிதாக வந்தவரோ, வீட்டிலிருந்து ஆளுக்கொரு கல் கொண்டுவந்து, அதைப் பற்றி நீங்களே கேள்வி கேளுங்கள் என்றார். கேள்வி கேட்கச் சொல்கிற வாத்தியாரை யார் நம்புவது? தங்கக்கல் திருட்டுப்போகிறதென்று, ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து மேலே வருகிற ஆண்களின் வாயைக்கூடக் கம்பெனிக் காவலர்கள் திறந்து பார்த்த காலம் அது.

"கல்லு எதுக்காம் அவருக்கு? எந்த வூட்ல இன்னா கீதுன்னு கம்பெனிக்குப் போய்ச் சொல்லவா?" என்ற அம்மா, என் பாவாடையை உதறிப் பார்த்துவிட்டு, கையில் ஒரு துண்டு அடுப்புக்கரியைத் திணித்து அனுப்பினாள். போய்ப் பார்த்தால், சுரங்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் அடுப்புக்கரி. வாத்தியார் சிரித்தார், அந்தச் சிரிப்பையும் நாங்கள் நம்பவில்லை. "சரி, கரி ஏன் கறுப்பா இருக்கு?" என்று கடைசியில் அவரேதான் கேட்டார்.

"ஏம்மா, இது மட்டும் ஏன் மின்னுது?" என்று மகள் ஈரக்கல்லை நீட்டினாள்.

நான் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, "யாரு உன்ன கேக்கச் சொன்னது?" என்றேன்.