தம்பிஐயா கிள்ளிப்பார்த்த குழாய்

கோப்பாயில் ஓடுகிற தண்ணீர் முழுவதும் தம்பிஐயா கிள்ளிப்பார்த்து வாங்கிக்கொடுத்த குழாய்களுக்குள்ளால்தான் ஓடுகிறது. சரி, இது கொஞ்சம் கூடிப்போன புழுகுதான். மழைத்தண்ணீர் அவரைக் கேட்டு ஓடுவதில்லை. ஆனால் அந்த ஒழுங்கையில் யாராவது தோட்டத்துக்குக் குழாய் வாங்கப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்திக்குப் புறப்பட்டால், சைக்கிள் முதலில் அவர் வீட்டுப் படலையில்தான் நிற்கும்.

அவருடைய சோதனை எளிது. கத்தரிக்காய் பார்ப்பதுபோலக் குழாயைக் கிள்ளுவார். விரலுக்கு இளகிக்கொடுத்தால் நல்ல சாமான். பாத்திகளுக்கிடையே இழுக்கலாம், சுருட்டலாம், மடிந்தாலும் வெடிக்காது. விறைத்தது பிரயோசனமில்லை. கண்ணாடிபோல இருக்கிற குழாய்க்குள் பாசி பிடிக்கும், கறுப்புத்தான் வெய்யில் தாங்கும் என்றும் சொல்லுவார். எல்லாம் சரியான கதைதான், தண்ணீரைத் தள்ளிக்கொண்டுபோகிற குழாய்க்கு.

தை மாதம் நாகேஸ்வரி வெங்காயம் நட்ட தறைக்குப் புது இறைப்பு மிசின் வாங்கினாள். அவளும் தம்பிஐயாவும் ஒரே கிணற்றின் பங்காளிகள். ஒருநாள் அவர் இறைப்பு முறை, மறுநாள் அவளுடையது. கிணற்றுக்குள் இறக்கும் குழாயையும் அவரே வாங்கிவந்தார். உள்ளே சுருள் வளையம் வைத்த விறைப்பான குழாயும் கடையில் இருந்தது. கிள்ளினார், பிடிக்கவில்லை. மெத்தென்றதையே வெட்டுவித்தார்.

நாகேஸ்வரியின் முறையில் மிசின் கத்தியது. வாய்க்காலில் நூல்போலத்தான் தண்ணீர். அவள் வால்வைக் கழற்றிக் கழுவினாள், மிசின் இழுக்கட்டுமென்று அதற்குத் திரும்பத் திரும்பத் தண்ணீர் வார்த்தாள். அடுத்த முறையும் அப்படியே வீணாயிற்று. வெங்காயத் தாளின் நுனி மஞ்சளாகத் தொடங்கியது.

"என்ரை கைராசி சரியில்லைப் போலை, அண்ணை. மிசினைத் திருப்பிக் குடுத்துப்போட்டு, இந்த வெங்காயத்தை விட்டிடப்போறன்."

தம்பிஐயா கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தார். மிசின் உறிஞ்சுகிற உறிஞ்சலில் குழாய் பாம்புச் சட்டைபோலத் தட்டையாக ஒட்டிக்கிடந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தள்ளுகிற தண்ணீர் குழாயை ஊதவைக்கும். உறிஞ்சுகிற மிசின் அதைச் சப்பையாக்கிவிடும். சுருள் வளையம் அதைத் தாங்கத்தான். அவருடைய மிசினோடு அப்படி ஒரு குழாய் கூடவே வந்திருந்தது. அதைக் கிள்ளிப்பார்க்கவேண்டிய தேவை அவருக்கு வந்ததேயில்லை.

சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"கிணத்திலை தண்ணி கீழை போயிட்டுது போலை, தங்கச்சி."

மறுநாள் அதே கிணற்றிலிருந்து அவருடைய மிசின் வாய்க்கால் நிறைய இறைத்தது. நாகேஸ்வரி வேலியோரம் நின்று அந்த வாய்க்காலையே பார்த்தாள். மத்தியானம் அவர் சோற்றை விரல்களால் அளைந்துகொண்டிருந்தார்.

"என்ன, சோத்தையும் கிள்ளிப்பாக்கிறியளோ?" என்றாள் மனைவி குணலட்சுமி.

அவர் எழும்பிப் போய்த் தன் குழாயைக் கழற்றித் தோளில் போட்டுவந்து, நாகேஸ்வரியின் மிசினில் பூட்டினார். தன் முறையின் மீதிப்பொழுதை அவளுக்கு விட்டார். தண்ணீர் பொங்கிப் பாய்ந்தது. அவள் மண்வெட்டியோடு ஓடிப் பாத்தி பாத்தியாய்த் திருப்பிவிட்டாள்.

"மிசினிலை பிழையில்லைத் தங்கச்சி, உன்ரை கையிலையும் பிழையில்லை," என்று தொடங்கினார். "நான் வாங்கித் தந்த குழாய்தான்... நல்ல சாமான்தான். வெய்யிலுக்கு இளகிப்போச்சுது."

நாகேஸ்வரி பாத்தியின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"கிணத்துக்குள்ளை எங்காலை அண்ணை வெய்யில்? உது வாங்கேக்கையே இளக்கம்."