சங்கத்தை ஆளாக்கிய வக்கீலம்மா

திங்கட்கிழமை காலை குற்றாலம் அருவிக்கரையில், கோட்டயத்துக்காரர் ஒருவர் முதுகில் என் இரண்டு கையும் இருந்த நேரம் போன் வந்தது. பக்கத்துப் பலகையில் இருந்த மாரியப்பன் எடுத்துக் கேட்டான். கேட்டவன் என்னையே பார்த்தான். "அண்ணாச்சி, வக்கீலம்மா தவறிட்டாங்களாம்" என்றான். தென்காசி வழக்கறிஞர் ஜமீலா அம்மா அவர்கள் அதிகாலைத் தொழுகை முடித்து நாற்காலியில் உட்கார்ந்தாராம். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்யும் முப்பத்தொரு பேருக்கு நான் தலைவர். படிப்பு எட்டாவதுதான். ஆனாலும் மந்திரிகள், மலையாள நடிகர்கள், ஒரு வெள்ளைக்கார நீதிபதி என்று என் கை பார்க்காத முதுகு கிடையாது. அப்பேர்ப்பட்ட கையை அன்றைக்குப் பாதி முதுகிலேயே எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை எங்கள் வழக்கு. அதைச் சுமந்தவர் அவர் ஒருவர்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். நாங்கள் பலகை போட்டு உட்காரும் இடத்தைக் காலி செய்யச் சொல்லி அருவிக்கரைக் குத்தகைக்காரர் ஒருவர் நெருக்கினார். நான் விடுவேனா? தலைவர் என்ற முறையில் நானே மனு எழுதிக் கோர்ட்டில் போட்டேன். அதைப் படித்த குமாஸ்தா கண் கலங்கினார் என்று கேள்வி. நீதிபதி மட்டும், இந்தச் சங்கம் பதிவானதா என்று கேட்டார். நான்தான் சங்கம் என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னேன். மனு தள்ளுபடி.

வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜமீலா அம்மா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். போர்டு இருக்கு, சீல் இருக்கு, லெட்டர் பேடு இருக்கு, திறப்பு விழாவுக்கு யானையே வந்தது என்று அடுக்கினேன். யானை வருவதாகத்தான் இருந்தது.

"யானை வந்துது, சரி. சங்கம் இன்னும் வரலியே அண்ணாச்சி" என்றார். "கம்பெனி கோர்ட்டுக்கு வந்தா அது ஒரு ஆளு. கோயில்ல இருக்க சாமி வந்தா அவரும் ஆளு. சொத்து வச்சுக்கிடலாம், வழக்குப் போடலாம். ஒங்க சங்கம் வந்தா வெறுங்காத்து. சாமிக்குப் பிரதிஷ்டை, சங்கத்துக்குப் பதிவு."

ஐந்து வேளை தொழுகிற அம்மா எனக்குச் சாமியின் சட்டத்தைச் சொல்லித் தந்தார். அப்படியானால் என் பெயரிலேயே வழக்கைப் போட்டுவிடலாமே, ஊரெல்லாம் தெரிந்த பெயர்தானே என்றேன். சிரித்துவிட்டார். "நீங்க எத்தனை நாள் இருப்பீங்கன்னு நான் எழுதித் தர முடியுமா? சங்கத்துக்குன்னா அந்தப் பயம் கிடையாது" என்றார்.

சங்கத்தின் விதிகளை அவரே எழுதிக் கொடுத்தார். எல்லாரும் கை கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். நான்தான் அவசரப்பட்டு, "தலைவர் சொல்லுதேன், இங்கனயே போடுங்கலே" என்று அருவிக்கரையிலேயே வாங்கிவிட்டேன். பதிவு அலுவலகத்திலிருந்து தாள் திரும்பி வந்தது. பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி எண்ணெய் ஊறி மறுபக்கம் தெரிந்தது. ஒரு கையெழுத்தும் நிற்கவில்லை. அந்த இடைவெளியில் குத்தகைக்காரரின் ஆட்கள் எங்களில் ஏழு பேருடைய பலகைகளைத் தூக்கி எறிந்தார்கள். அதில் ஒருவனான மாரியப்பன் பிழைப்புக்கு ஆலங்குளத்துக்கு மூட்டை தூக்கப் போனான். அது என்னால் வந்தது என்று இன்றுவரை அவனிடம் சொன்னதில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அம்மா என்னைத் திட்டவில்லை. தம் அலுவலகக் குழாயடியில் ஒரு டப்பா சீயக்காய்த் தூளை வைத்து, எங்களை வரிசையில் நிறுத்தி, முழங்கை வரை தேய்க்க வைத்தார். என் முறை வந்ததும், "தலைவர் மட்டும் இன்னொரு தடவை" என்றார். அத்தனை பயல்களும் சிரித்தான்கள். நானும்தான்.

பதிவு கிடைத்தது. சங்கத்தின் பெயரிலேயே புது வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கிக் கொடுத்தார். மாரியப்பன் திரும்பி வந்தான். அந்தத் தடைக்குத்தான் வியாழன் வரை ஆயுள்.

அடக்கத்துக்குத் தென்காசியே திரண்டது. தெருவில் எள் போட இடமில்லை. நாங்கள் முப்பத்தொரு பேரும் அடக்கம் செய்யும் மையவாடி ஓரமாகத் தயங்கி நின்றோம். அவர் கணவர் வந்து என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மண் போட்டேன்.

செங்கோட்டையிலிருந்து ஆலங்குளம் வரை அடுத்த இரண்டு நாளும் வக்கீல் வீட்டுப் படியாக ஏறி இறங்கினேன். ஒருவருக்குக் குத்தகைக்காரர் சொந்தம். ஒருவர் ஊரில் இல்லை. இன்னொருவர் வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தம்மா எடுத்த வழக்கை நான் பாதியில் தொட்டால் கெட்டுப்போகும் என்று திருப்பித் தந்தார்.

வியாழன் வந்தது. கோர்ட்டில் சங்கத்தின் முழுப் பெயரையும் மூன்று முறை கூப்பிட்டார்கள். முப்பத்தொரு பேரும் ஒன்றாக எழுந்து நின்றோம். உங்கள் வக்கீல் எங்கே என்று நீதிபதி கேட்டார். காலமாகிவிட்டார் என்றேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். பிறகு, சங்கம் வேறு வக்கீல் வைத்துக்கொள்ள இரண்டு வாரம் அவகாசம் என்றார். அதுவரை தடை நீடிக்கும். அதற்கு மேல் கிடையாது.

வக்கீலம்மா, பெயர் கூப்பிட்டார்கள். நாங்கள் நின்றோம். வக்கீல்கள் வரிசையில் உங்கள் நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம், உட்காரச் சொல்லும்வரை. போய் வாருங்கள், அம்மா.