துரை குடித்த விறகு

ஆறு பேர் ஒரு நாள் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு விறகு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால், "ஏழைகள் சுத்தமாக இருந்தால் நோய் வராது" என்று இனி எவரிடமும் சொல்லாதீர்கள். இராக்கம்மாவுக்குத் தெரியும். வெயில் காலத்தில் அரைக்கட்டு. மழைக்காலத்தில் ஒரு முழுக்கட்டும் போதாது.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர் இராக்கம்மா. தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றத் தோட்டங்கள் எல்லாம் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள்ளும்.

அவர் குடியிருந்த லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள். குடும்பத்துக்கு ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்று ஓர் ஒடுங்கிய தாழ்வாரம். கம்பெனி கொடுத்தது அவ்வளவுதான். மீதி எல்லாம் இராக்கம்மா செய்துகொண்டது. மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டிச் சுருட்டிக் குழாயாக்கி, அடுப்புப் புகையைக் கூரைக்கு மேலே அனுப்பினார். கோணிச் சாக்கில் கஞ்சிப் பசை தடவிப் பழைய பத்திரிகைகளை ஒட்டி, அறையை இரண்டாகத் தடுத்தார். தேயிலைப் பெட்டிப் பலகையில் பிள்ளைகளுக்குப் படுக்கை. ஈரத் தரையில் ஒரு பிள்ளையும் படுக்கவில்லை. அரிசி வாரத்தில் நான்கு நாள் வந்தால் அதிகம். மற்ற நாட்களில் கோதுமை மா ரொட்டி. ஆனால் காம்பராவுக்குப் பின்னால் இரண்டு பாய் அகலமுள்ள மண்ணில் வல்லாரையும் அவரையும் மிளகாயும் இருந்தன. கீரை இல்லாமல் ரொட்டியைத் தட்டில் வைக்கமாட்டார்.

சாக்கும் தகரமும் லுணுகலையில் புஹாரி நானாவின் கடையிலிருந்து வந்தவை.

"இதெல்லாம் என்னத்துக்குப் புள்ள? ஒன் வூட்டுக்கு ராணி வாறாவா?" என்று புஹாரி கேட்பார்.

"வந்தா வாசல்லதான் நிக்கணும் நானா. உள்ள எடம் இல்ல."

கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சாக்கு இனாமாகக் கிடைத்துவிடும்.

தண்ணீரைக் கொதிக்க வைக்க அவருக்கு எவரும் கற்றுத்தரவில்லை. தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுப்பவரை எல்லோரும் டாக்டரையா என்பார்கள்; டாக்டருக்குப் படித்தவரல்ல. அவர் வீட்டில் இராக்கம்மா ஒரு மாதம் பாத்திரம் கழுவினார். அங்கே தண்ணீர் பெரிய கேத்தலில் கொதித்து, ஆறி, மூடிய பானையில் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுக்கடுப்பு வரவே இல்லை. இராக்கம்மா வீட்டுக்கு வந்து கணவர் அழகரிடம் சொன்னார்:

"அவங்க வூட்ல கொதிச்ச தண்ணி. நம்ம வகுறு நொந்து போனா, செவப்புத் தண்ணி. அவரு குடுக்குற மருந்த அவரே நம்பல பாத்துக்க."

லயத்துக்குத் தண்ணீர் வந்தது, மலைத்தண்ணீர் விழும் ஒரே ஒரு பீலியிலிருந்து. மலைச்சரிவில் மேலே கக்கூஸ் வரிசை. அதற்குக் கீழே அழுக்குத் தண்ணீர் ஓடும் கான். அதற்கும் கீழே பீலி. மழை பெய்தால் மேலே இருப்பது கீழே வரும். இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி வேண்டுமா? ஆண்டுதோறும் ஐப்பசியில் பிள்ளைகள் செத்தார்கள். ஆண்டுதோறும் கங்காணி வீடு வீடாக வந்து முனியாண்டிப் பூசைக்குப் பணம் சேர்த்தார்.

"சாமிக் குத்தம் இருக்கு இராக்கம்மா, இல்லேங்காத."

"அப்ப முனியாண்டி ஏன் மாமா, தொரையோட மேட்டு பங்களாவுக்குப் போறதில்ல? நாய் கடிச்சிரும்னா?"

கங்காணி காதைப் பொத்திக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனார்.

அடுத்த கதவு கருப்பம்மாவுடையது. அவருடைய கணவர் மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போய் எட்டு மாதம். ஒரு சேதியும் இல்லை. மூன்று வயது மகள் பூவாயியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அவர் தனியாக மலைக்கு வேலைக்கு ஓடினார். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மற்றப் பெண்கள் மாலையில் ஒரு கட்டு விறகு சுமந்து வருவார்கள். இராக்கம்மா இரண்டு கட்டு. கருப்பம்மாவால் ஒன்றே முடியாது, இடுப்பில் குழந்தை. இராக்கம்மா தினமும் ஒரு டம்ளர் கொதித்த தண்ணீரைப் பூவாயிக்குக் கொடுத்துவிடுவார். அது பேச்சில்லாமல் நடந்த காரியம்.

அறுபத்தேழாம் ஆண்டு, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கம்பெனிக்குக் கடிதம் போட்டார். ஒரே கோரிக்கைதான். கக்கூஸ் வரிசைக்கு மேலே ஊற்று இருக்கிறது. அங்கிருந்து லயத்துக்கு ஒரு குழாய் வேண்டும். ஐப்பசிக்கு முன் வேண்டும்.

புரட்டாசியில் கொழும்பிலிருந்து கம்பெனியின் பெரிய துரை பார்வையிட வந்தார். முப்பது வருடம் தோட்டங்களில் இருந்தவர், தமிழ் பேசுவார். தோட்டத்துத் துரை அவரை நேராக இராக்கம்மாவின் வாசலுக்குக் கூட்டிவந்தார். பின்னால் டாக்டரையா, குறிப்புப் புத்தகத்துடன் கிளாக்கர்.

பெரிய துரை குனிந்து உள்ளே வந்தார். தடுப்பைப் பார்த்தார், பலகைப் படுக்கையைப் பார்த்தார், புகைக்குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல வீடு. ரொம்ப சுத்தம்."

வீட்டுக்கு வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவதா? இராக்கம்மா டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, மூடிய பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். வெயிலில் ஏறிவந்த துரை ஒரே மூச்சில் குடித்தார். "நல்ல தண்ணி" என்றார். இராக்கம்மா சிரித்தார். வாசலில் நின்ற பெண்களும் பெருமையோடு சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சங்கத் தலைவர் லயத்து வாசலில் நின்று அதைத் தமிழில் சொன்னார்:

"தண்ணியில கொற இல்லையாம். டாக்டரையாவும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்காராம். பெரிய தொரை லயத்துல தண்ணிய தானே குடிச்சுப் பாத்தாராம். ஒடம்புக்கு ஒண்ணும் செய்யலையாம். கொழா தேவையில்ல. சீக்கு வர்றது, சுத்தமா இல்லாததாலயாம். சுத்தமா இருக்க நெனச்சா இந்தக் காம்பராவுலயே இருக்கலாமாம். அதுக்கு சாட்சி..." தலைவர் நிறுத்திவிட்டு இராக்கம்மாவைப் பார்த்தார். "ஒம் பேரு போட்டிருக்காங்க ஆத்தா."

இராக்கம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் சுமந்த விறகு, அவர் காய்ச்சிய தண்ணீர், அவர் ஒட்டிய காகிதம். ஒவ்வொன்றும் பதினொரு குடும்பங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருந்தது. பெரிய துரை பொய் எழுதவில்லை. குடித்தார், அவர் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. அந்த உண்மைதான் என்னை நடுங்க வைக்கிறது. ஒரு பெண் தன் உடம்பை அரைத்துச் செய்த காரியத்தைக் காட்டி, "பார், எங்கள் பங்குக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை" என்று எழுதத் துணிந்தவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

ஐப்பசி வந்தது. ஒன்பது நாள் விடாத மழை. விறகு நனைந்து அடுப்பு அழுதது. இராக்கம்மா தன் நான்கு பிள்ளைகளுக்கும் வேண்டிய தண்ணீரைச் சுட வைக்கவே பலகைப் படுக்கையிலிருந்து ஒரு பலகையை உடைத்து எரித்தார். பூவாயிக்குப் போகும் டம்ளர் மூன்று நாள் போகவில்லை.

நான்காம் நாள் பூவாயிக்கு வயிற்றால் போனது. டாக்டரையா சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். மறுநாளும் அதையே கொடுத்தார். தோட்டத்து லொறி கேட்டால், துரை எழுதிய துண்டுச்சீட்டு வேண்டும் என்றார்கள். துரை பண்டாரவளைக்குப் போயிருந்தார். இராக்கம்மாவிடம் ஒரு தகரப் பேணி இருந்தது. பிள்ளைகளுக்கு ஏதும் வந்தால் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவென்று வைத்திருந்த பஸ் காசு. பேணியோடு எடுத்துக்கொண்டு கருப்பம்மாவையும் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறினார். வழியில் மண் சரிந்து பஸ் இரண்டு மணி நேரம் நின்றது. பசறை வருமுன் பூவாயியின் மூச்சு அடங்கிப்போனது.

பஸ்ஸில் கருப்பம்மா அழவில்லை. பிள்ளையை மடியில் சரி செய்துகொண்டு ஒரு தடவைதான் பேசினார்.

"அன்னைக்குத் தொரைக்கு ஒரு டம்ளர் மொண்டு குடுத்தியே அக்கா. அத எம் புள்ளைக்கு வச்சிருந்திருக்கலாமே."

அதற்குப் பிறகு அவர் இராக்கம்மாவோடு பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நான்கு மாதம்.

அந்த மழையில் தோட்டத்தில் மொத்தம் ஐந்து பிள்ளைகள் போனார்கள். சங்கம் மறுபடி எழுதியது. மாசியில் ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது, கணக்கப்பிள்ளை சொன்னார்:

"இராக்கம்மா, நாளைக்கு நீ மலைக்கு வர வேணாம். பெரிய தொரை வாராரு. காம்பராவக் கூட்டி மொழுகி வையி. பேரு போட்டுருவோம்."

வேலைக்குப் போகாமலே ஒரு நாள் சம்பளம்! சுத்தமாக இருப்பதற்கு அல்ல, சுத்தத்தைக் காட்டுவதற்கு.

மறுநாள் இராக்கம்மா தரையை மெழுகினார். டம்ளர் இரண்டைத் தேய்த்து வைத்தார். ஒன்றில் பானைத் தண்ணீர். மற்றதைப் பீலிக்கே போய்ப் பிடித்துவந்தார். மழை நின்று நாளாகியிருந்ததால் இரண்டும் பார்வைக்கு ஒரே தெளிவு.

பெரிய துரை குனிந்து உள்ளே வந்தார். அதே ஊர்வலம் பின்னால். அவருக்கு இராக்கம்மாவை ஞாபகம் இருந்தது.

"நல்ல தண்ணி குடுத்த பொம்பள" என்று சிரித்தார்.

"இன்னைக்கும் இருக்குங்க தொரை. இந்தக் கையில இருக்குறது எங்க பீலித் தண்ணி. இப்பத்தான் புடிச்சேன்." இராக்கம்மா வலது கை டம்ளரை நீட்டினார்.

பெரிய துரை வாங்கினார். உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"நோ சேர்! நோ! குடிக்காதீங்க!"

கத்தியவர் டாக்டரையா. கத்தியதோடு நிற்கவில்லை, கை தானாகப் பாய்ந்து துரையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. தண்ணீர் மெழுகிய தரையில் சிந்தியது.

பெரிய துரை தன் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு டாக்டரையாவைப் பார்த்தார்.

வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. கருப்பம்மா, இடுப்பில் குழந்தையோடு.

"ஏன் டாக்டரையா? நல்ல தண்ணின்னு நீங்களுந்தான கையெழுத்துப் போட்டீங்க? எம் மக குடிச்சா. தொரை குடிக்கக் கூடாதா?"

இராக்கம்மா இடது கை டம்ளரைத் துரைக்கு முன்னால் பலகையில் வைத்தார்.

"போன தடவ நீங்க குடிச்சது இது. பீலித் தண்ணி இல்லீங்க. என் தலையில வந்த வெறகு. அந்த வெறகக் குடிச்சிட்டுத்தான் கொழா வேணாம்னு எழுதிட்டீங்க."

பெரிய துரை இரண்டு டம்ளரையும் தொடவில்லை. வெளியே போய்ப் பீலியைப் பார்த்தார்; அதற்கு மேலே கானைப் பார்த்தார்; அதற்கு மேலே கக்கூஸ் வரிசையைப் பார்த்தார். முதல் தடவை வந்தபோது இருபது எட்டு எடுத்து வைத்திருந்தால் இதையெல்லாம் பார்த்திருக்கலாம். இருபது எட்டு! ஐந்து பிள்ளைகளுக்கும் வாழ்வுக்கும் நடுவில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் பெரட்டில் இராக்கம்மாவின் பெயர் கூப்பிடப்படவில்லை. துரையை அவமதித்ததற்காகப் பதினைந்து நாள் வேலை இல்லை. அந்தப் பதினைந்து நாளும் அவர் வாசலில் விடியுமுன் ஒரு சிறிய விறகுக்கட்டு கிடந்தது. யார் போட்டது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுமக்கக்கூடிய அளவுதான் அது.

குழாய் ஏழு மாதம் கழித்து வந்தது, அந்த ஆண்டு ஐப்பசிக்குச் சற்று முன்னால். அந்த லயத்துக்கும் அதை ஒட்டிய லயத்துக்கும் மட்டும். அந்த மழையில் இரண்டு லயங்களிலும் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. முனியாண்டிக்கு அந்த வருடம் ஒருவரும் காசு கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இது நடந்து பதினோரு ஆண்டாகிறது. தோட்டங்கள் அரசாங்கத்திடம் வந்துவிட்டன. பலகையில் பெயர் மாறிவிட்டது. இராக்கம்மாவுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. கழுத்தைத் திருப்ப முடியாது; கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவார். பதுளை ஆஸ்பத்திரியில் எலும்பு தேய்ந்துவிட்டது என்றார்களாம். இவ்வளவு குறைந்த சம்பளத்தில் இவ்வளவு நன்றாக எப்படி வாழ்ந்தீர்கள், எப்படி மிச்சம் பிடித்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்:

"எல்லாத்தையும் என் கழுத்துலருந்துதாங்க மிச்சம் புடிச்சேன்."

கீழ் லயங்களுக்குக் குழாய் இன்னும் போகவில்லை. அங்கே அதே பீலிதான்.

அடுத்த முறை ஏதாவதொரு லயத்தில் உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினால், உடனே குடித்துவிடாதீர்கள். இது எங்கிருந்து வந்தது, யார் சுமந்த விறகில் கொதித்தது என்று கேளுங்கள். பிறகு பக்கத்துக் காம்பராவின் கதவைத் தட்டி அங்கேயும் கேளுங்கள். இரண்டு பதிலையும் தாளில் எழுதி, உங்கள் பெயரையும் போட்டு, தோட்டத்து நிர்வாகத்துக்கு ஒன்றும் சுகாதார அதிகாரிக்கு ஒன்றுமாக அனுப்புங்கள். ஐப்பசிக்கு முன் அனுப்புங்கள்.