கதிரவேலு ஐயா சாப்பிட்ட சனிக்கிழமை

கதிரவேலு ஐயா நாலு நாளா ஒரு வாய் சோறு சாப்பிடல. அதுக்குக் காரணம் நான்தான். அதை யார்கிட்டயும் சொல்லாம மூடி மறைச்சுட்டு, முருகன் முன்னாடி போய் நின்னு "அவரைச் சாப்பிட வைப்பா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்த லட்சணத்துல இருந்த வேண்டுதலுக்கும் முருகன் செவி சாய்ச்சார். அதைச் சொல்லத்தான் உங்க முன்னாடி நிக்கிறேன்.

அது எண்பதுகளோட கடைசி. கோலாலம்பூர்ல உளவியல் ரெண்டாவது வருஷம் படிச்சேன். நீண்ட லீவுக்குப் பினாங்கு வந்தப்போ, ஜார்ஜ்டவுன்ல ஒரு முதியோர் இல்லத்துல மறதி நோய் வந்தவங்களுக்குப் பாட வர்றேன்னு நானே போய்க் கேட்டேன். பெத்த பிள்ளை பேரை மறந்தவங்களுக்கும் பாட்டு மறக்காதுன்னு வகுப்புல சொல்லியிருந்தாங்க. கோயில் திருமுறை வகுப்புல நான் நல்லாப் பாடுவேன். கையில ஒரு சுருதிப்பெட்டி. எல்லாம் தெரிஞ்சவள்னு ஒரு திமிர் வேற.

கதிரவேலு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பட்டர்வொர்த் ரயில்வேயில கிராணியா, அதாவது குமாஸ்தாவா இருந்தவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு, அது அவருக்கு ஞாபகமில்ல. ஒரே மகள் பத்மா டீச்சரையும் சில நாள் அடையாளம் தெரியாது. ஆனா யார் வந்தாலும் "வாங்கோ, இருங்கோ"ன்னு சொல்லாம விடமாட்டார். ரெண்டு வாரம் மெதுவான பாட்டா பாடினேன். தலையாட்டிக் கேட்டார்.

மூணாவது வாரம் செவ்வாய்க்கிழமை, கொஞ்சம் துள்ளலா பாடலாமேன்னு தோணுச்சு. பெண்கள் வாசனைப்பொடி இடிக்கிற மாதிரி ஒரு பழைய சைவப்பாட்டு. உலக்கை போடுற தாளம். கையைத் தட்டிக்கிட்டே பாடினேன்.

ஐயா என்னையே பார்த்தார். எழுந்தார். சட்டையைக் கழட்டி மடிச்சு வச்சார். வாசல்கிட்ட போய்த் தரையில உட்கார்ந்தார். கண்ணுல தண்ணியா ஊத்துது. அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி, "இப்ப வேண்டாம் பிள்ளை"ன்னுட்டார். புதன், வியாழன், அதே பேச்சுதான். பாலில்லாத வெறுந்தேத்தண்ணி மட்டும் குடிப்பார். நர்ஸுங்க சட்டை மாட்டிவிட, அவர் கழட்டிப் போட, இதுவே வேலை. சாப்பிடலன்னா திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கு வழியா குழாய் போடணும்னு டாக்டர் சொல்லிட்டார். "அப்பாவை அந்தக் கோலத்தில பாக்க ஏலாது"ன்னு பத்மா டீச்சர் சுவர்ல சாஞ்சு அழுதாங்க.

நான் பக்கத்துலதான் நின்னேன். பாட்டுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும். வாயைத் திறக்கல. வெளிய அனுப்பிடுவாங்கன்னு பயம், பேர் கெட்டுப்போகும்னு பயம். வெட்கமாத்தான் இருக்கு, ஆனா அதுதான் உண்மை.

வியாழக்கிழமை சாமி படத்துக்கு முன்னாடி நின்னு, அவர் சாப்பிடற வரைக்கும் நானும் சாப்பிடமாட்டேன்னு சொல்லிட்டேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிஃப்டு முடிச்சு வந்த அம்மா கேட்டுட்டு, "முருகனையே மிரட்டுறியா? நல்ல பிள்ளைலா நீ"ன்னாங்க. நான் பிடிவாதக்காரின்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன.

வெள்ளிக்கிழமை வெறும் வயித்தோட தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறினேன். சந்நிதியில நின்னா வேண்டுதலே வரல. "சாப்பிட வை"ன்னு ஆரம்பிப்பேன், நீ செஞ்சதை யார் சொல்றதுன்னு உள்ளுக்குள்ள கேக்கும். அழுதேன். கடைசியில, "சரி, யாரையாவது அனுப்பு, எல்லாத்தையும் சொல்லிடறேன்"னு வாய்விட்டுச் சொன்னேன். திருநீறு வாங்கத் திரும்பறேன், பின்னாடி பத்மா டீச்சர் நிக்கிறாங்க.

ஒரே மூச்சுல கொட்டிட்டேன். எந்தப் பாட்டுன்னு கேட்டாங்க. ரெண்டு வரி முணுமுணுத்தேன். அவங்க முகம் மாறிப்போச்சு. "ஐயோ பிள்ளை, அது நாங்கள் செத்த வீட்டில பாடுறதல்லோ."

அப்புறம்தான் விளங்குச்சு. யாழ்ப்பாணத்து வழக்கத்துல, சடலத்தை எடுக்கறதுக்கு முன்னாடி உரல்ல சுண்ணம்ங்கிற வாசனைப்பொடியை இடிச்சு அந்தப் பாட்டைப் பாடுவாங்களாம். எடுத்து முடிச்சு, சுடுகாட்டுக்குப் போனவங்க குளிச்சுட்டு வர்ற வரைக்கும் வீட்டுல அடுப்பு மூட்டமாட்டாங்க. நாங்க தமிழ்நாட்டுலேருந்து வந்த குடும்பம், எனக்கு அது வெறும் கோயில் பாட்டு. ஐயா சட்டையைக் கழட்டி வாசல்ல உட்கார்ந்ததும் அதுக்குத்தான்; நாலு நாளா மனைவியோட சாவு வீட்டுல உட்கார்ந்திருந்திருக்கார்.

"நாலு நாள், பிள்ளை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னு டீச்சர் ஏசினாங்க. வாங்கிக்கிட்டேன். அப்புறம், "ஒருத்தரும் சாகேல்லை எண்டு அப்பாட்டச் சொன்னாப் போதாதோ?"ன்னு கேட்டாங்க. "அப்போ உங்க அம்மா எங்கன்னு கேப்பாரே டீச்சர். சாவு வீடுன்னு நினைச்சுட்டார். நாமளே முடிச்சு வைப்போம்"னேன். டீச்சர் தலையாட்டினாங்க.

இல்லத்து மேட்ரன்கிட்டயும் போய் உண்மையைச் சொன்னேன். முறைச்சாங்க, ஆனா விட்டாங்க. சனிக்கிழமை காலையில ஐயாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தி, உலர்ந்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, ஒரு விளக்கு ஏத்தினோம். அந்த மாதிரி வீட்டுக்குப் பக்கத்து வீட்டுலேருந்துதான் சோறு வரணும்னு டீச்சர் சொன்னாங்க. "நான்தான் பக்கத்து வீடு"ன்னு அம்மா சோறும் பருப்பும் பூசணிக்காயும் ஆக்கி, அடுக்குச் சட்டியில தூக்கிட்டு வந்தாங்க.

"எல்லாம் முடிஞ்சுது அப்பா. ஆக்கள் குளிச்சிட்டு வந்திட்டினம். பக்கத்து வீட்டில இருந்து சோறு வந்திருக்கு"ன்னாங்க டீச்சர்.

ஐயா சட்டியைப் பார்த்தார். என்னைக் காட்டி, "வந்த பிள்ளைக்குக் குடுத்தாச்சோ?"ன்னு கேட்டார்.

என் கையிலயும் ஒரு தட்டு வந்துச்சு. "நீங்க ஒரு வாய் வையுங்க ஐயா, நானும் வைக்கிறேன்"னேன். அவர் சோத்தைப் பிசைஞ்சார். உருட்டினார். வாயில வச்சு, மென்னு, முழுங்கினார். டீச்சர் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் நானும் சாப்பிட்டேன். முருகா, அந்தச் சோறு மாதிரி நான் எதையும் சாப்பிட்டதில்ல.

குழாய் போட வேண்டிய அவசியமே வரல. அதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல இருந்தார். இன்னிக்கும் நான் இந்த வேலைதான் செய்யறேன். ஆனா புது ஆள் யாருகிட்டப் போனாலும் முதல்ல பாடறதில்ல. என்ன பாடலாம், எதைப் பாடக் கூடாதுன்னு வீட்டாரைக் கேட்டுக்கறேன்.

டீச்சர் வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்கு வர்றவங்கதானே, இதுல என்ன அற்புதம்னு சிலர் கேப்பாங்க. கேக்கட்டும். நாலு நாளா நானும்தான் வேண்டினேன், ஒண்ணும் நடக்கல. செஞ்சதைச் சொல்றேன்னு ஒத்துக்கிட்ட நிமிஷம், சொல்ல வேண்டிய ஆள் என் பின்னாடி நின்னாங்க. உங்ககிட்டயும் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு இருந்தா, அதையும் எடுத்துக்கிட்டே முருகன்கிட்டப் போங்க. நான் கெடுத்து வச்சதை அவர் சரி பண்ணினார். உங்களுக்கும் பண்ணுவார்.