அப்பால பாத்துக்கலாம்

போன வாரம் ராஜா அண்ணாமலைபுரத்தில் பஸ் ஏறினேன். யாருடைய பையிலிருந்தோ எலுமிச்சை சாத வாசனை குப்பென்று வந்தது. அவ்வளவுதான், தி. நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த காலத்துக்குப் போய்விட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள், மல்லிகைப்பூ வாசனைக்கெல்லாம் எனக்கு ஒன்றும் ஞாபகம் வராது, சாப்பாட்டு வாசனைக்குத்தான் வரும்.

அடையாறிலிருந்து நான் ஏறும் காலை பஸ்ஸில் லேடீஸ் சீட் முழுக்க வேலைக்குப் போகும் பெண்கள்தான். அங்கேயே டிபன் சாப்பிடுவோம், பூக் கட்டுவோம், பட்டாணி உரிப்போம். நடுவில் யாராவது ஒருத்தியின் பிரச்சினையை எடுத்து அலசுவோம். தலைவி சரோஜாக்கா, ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். நம்பர் கேட்டால் தேடிப் பார்த்துத்தான் சொல்வாள். யோசனை கேட்டால் தேடவே மாட்டாள்.

ஒரு வாரம் மாட்டியது நான். நங்கநல்லூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். போட்டோவிலேயே பையனைப் பிடித்துவிட்டது. ஆனால் தரகர், "குடும்பப் பாங்கான பொண்ணா தேடறாங்க" என்று சொல்லியிருந்தார். அப்படியென்றால் வேலையை விடச் சொல்வார்கள் என்று மொத்த பஸ்ஸும் முடிவு கட்டிவிட்டது. எனக்கோ அந்த வேலை என்றால் உயிர்.

"இன்னாத்துக்கு அழுவுறே? அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீயே வேலைய வுட்டுர்றேன்னு சொல்லிடு. தாலி ஏறட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்றாள் சரோஜாக்கா.

அப்படியே செய்தேன். தனியாகப் பேசட்டும் என்று பெரியவர்கள் எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பியதும், வணக்கம்கூடச் சொல்லாமல், "நான் வேலையை விட்டுடறேங்க" என்றேன். அவர் முகம் தொங்கிவிட்டது. "அப்படியா..." என்று கொடியில் காய்ந்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே போய் வேண்டாமென்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"வேலைக்குப் போற பொண்ணுன்னுதான் ஆசையா வந்தேங்க. அதைச் சொன்னா சம்பளத்துக்காகக் கட்டிக்கறான்னு நினைப்பாங்க, வாயைத் திறக்காதேன்னு ஆபீஸ்ல சொல்லி அனுப்பினாங்க."

"ஐயோ, என்னையும் பஸ்ல சொல்லித்தாங்க அனுப்பினாங்க!"

அப்பாடா என்று அங்கிருந்த தண்ணீர்த் தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன், பட்டுப்புடவையோடு.

கல்யாணம் நிச்சயமான விஷயத்தைப் பஸ்ஸில் சொன்னதும் சரோஜாக்கா, "பாத்தியா, நான் சொன்னது பலிச்சிடுச்சு!" என்று எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். நானும் ஒரு மிட்டாயை வாங்கிக்கொண்டு, "ஆமாங்க்கா" என்றேன். அந்த வாரம் முழுக்க என்னைவிட அவள்தான் அதிகம் கவலைப்பட்டிருந்தாள்.

ரிட்டயர் ஆகும்வரை வேலைக்குப் போனேன். சரோஜாக்கா இப்போது இல்லை. மெட்ரோ வேலைக்காக லஸ் பக்கம் ரோட்டைத் தகரத்தால் அடைத்துவிட்டதால் பஸ்ஸும் எங்கெங்கோ சுற்றிப் போகிறது. பக்கத்து சீட்டில் யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டால் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம், நானும்தான். தப்பாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பயம். சரோஜாக்காவுக்கு அந்தப் பயம் இருந்ததே இல்லை.