கம்பிமேல் பிறந்த குட்டிகள்

கணவன் இறந்தபிறகு, சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவளுக்கு அண்ணன் வீடுதான் கதி. வரும்போது தன் பெண் முயலையும் கூடவே கொண்டுவந்தாள். அது சினையாகியிருந்தது அண்ணிக்கு அறவே பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலை, முயல் வைக்கோலை வாயில் கவ்விக் கவ்விக் கூண்டிலிருந்த அட்டைப்பெட்டிக்குள் சேர்த்தது. பிறகு தன் நெஞ்சிலும் வயிற்றிலும் இருந்த ரோமத்தைக் கடித்துப் பிடுங்கி அதன்மேல் மெத்தை போட்டது.

"வீடு பூரா மயிரு பறக்குது. முதல்ல அதக் கூட்டித் தள்ளு," என்றாள் அண்ணி.

"குட்டி போடப்போகுது அண்ணி. அந்தப் பெட்டிய மட்டும் தொடாதீங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"ஆமா, மகாராணிக்குப் பிரசவம்!"

மாலையில் அவள் வேலை முடிந்து திரும்பியபோது பெட்டி குப்பைத்தொட்டியில் கிடந்தது. கூண்டின் வெறும் கம்பி வலைமேல் ஆறு குட்டிகள் விறைத்துக் கிடந்தன. தாய் முயல் இன்னும் தன் வயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. பிடுங்குவதற்கு ரோமம் மிச்சமில்லாமல் தோல் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. குட்டிகளை மடியில் அள்ளி, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சூடு காட்டினாள். ஒன்றுகூட அசையவில்லை.

அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "குட்டிதானே போச்சு, விடும்மா. தாய் இருக்குல்ல?"

"அதையும் காலையில கறிக்கடைக்காரர் எடுத்துட்டுப் போயிடுவாரு. சொல்லிட்டேன்," என்றாள் அண்ணி.

அவளுக்குப் போக வேறு வீடில்லை. காலையில் கறிக்கடைக்காரர் வந்ததும் கூண்டைத் திறந்து, முயலை அவளே தூக்கிக் கொடுத்தாள்.

"புள்ள பெத்த உடம்பு. காதப் பிடிச்சுத் தூக்காதீங்க," என்று மட்டும் சொன்னாள்.